தவளை தின்ற கோழி

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலை. தெருக்கோடி வீட்டு அக்கா இரண்டு முட்டையோடு வந்து நின்றார். "தம்பி, முந்தாநாள் நம்ம வெடக்கோழி வாய்க்கா ஓரத்துல ஒரு தவளையைப் புடிச்சுக்கிட்டு ஓடுச்சு. மத்த கோழியெல்லாம் தொரத்துச்சு. எங்க பறிகொடுத்துடுவோமோன்னு ஒரே முழுங்கா முழுங்கிருச்சு. நேத்தும் இன்னைக்கும் போட்ட முட்டை இது. பிள்ளைக்கு அவிச்சுக் குடுக்கலாமா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எங்கள் அப்பாயி இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். "தவளைன்னா கோழி திங்கும், தேரைன்னா தொடாது" என்பது அவர் பேச்சு. பஞ்சாரமும் அடைக்கோழியுமாக வாழ்நாளைக் கழித்தவருடைய சொல்லை லேசாகத் தள்ள முடியாது. அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு, விலங்கியலும் கால்நடை மருத்துவமும் இதைப் பற்றி அறிந்து வைத்திருப்பதை உரசிப் பார்த்தேன். வரியின் முதல் பாதி சரி. இரண்டாவது பாதி பெரும்பாலும் சரி. ஆனால் கோழியைக் கொல்லக்கூடிய பெரிய காரணங்கள் அந்த வரிக்கு வெளியே கிடக்கின்றன.

இது சின்னக் கேள்வி அல்ல. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புறக்கடையில் வளரும் பறவைகள் மட்டும் ஏறத்தாழ 31 கோடியே 70 லட்சம். 2012இல் இருந்ததைவிட இது 46 விழுக்காடு அதிகம். நாமக்கல் பண்ணைக் கூண்டில் நிற்கும் கோழி தன் வாழ்நாளில் ஒரு தவளையையும் பார்க்காது. கொல்லையில் அவிழ்த்துவிட்ட கோழியோ மழைக்காலம் முழுவதும் அவற்றோடுதான் புழங்குகிறது.

அப்படிப் புழங்குபவை எவை? குட்டையில் கால் வைத்ததும் நீர்ப்பரப்பின் மேலேயே தத்தித் தத்தி ஓடும் தத்துத் தவளை. வயல் வரப்பில் துள்ளும் சிறு வயல் தவளை. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தொட்டி ஓரத்தில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும் மரத்தவளை. முதல் மழைக்கு உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சளாகி, தொண்டையின் இருபுறமும் நீலப் பை புடைக்கக் கத்தும் பெருந்தவளை. மண்ணுக்குள் புதைந்திருந்து மழைக்கு மட்டும் வெளியே வரும் குண்டுத் தவளை. கடைசியாக, மாட்டுக் கொட்டகைக் கல்லுக்கடியில் குந்தியிருக்கும் தேரை. சில ஊர்களில் சொறித்தவளை என்பார்கள்.

பெருந்தவளையைக் கோழி விழுங்க முடியாது. பெரிய பெருந்தவளை கோழிக்குஞ்சையே விழுங்கப் பார்க்கும். குண்டுத் தவளை காற்றை இழுத்து ஊதிக்கொள்ளும், உடம்பில் பிசுபிசுப்பான கோழை சுரக்கும். ஒரு முறை கொத்திய கோழி அலகைத் தரையில் தேய்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஆக, கோழியின் வயிற்றுக்குள் உண்மையில் போவது வயல் தவளை, தத்துத் தவளை, மரத்தவளை ஆகியவற்றின் குட்டிகள்தான்.

இவற்றின் தோலில் கோழியைச் சாய்க்கும் நஞ்சு கிடையாது. எலும்பும் தோலுமாக முழுதாகவே செரித்துவிடும். கோழி தானியம் மட்டும் தின்னும் பறவை என்று நினைப்பது நம் பழக்கம். அதன் காட்டு மூதாதையான செங்காட்டுக்கோழி சருகைக் கிளறி புழு, பூச்சி, சிறு பல்லி என்று அகப்பட்டதைத் தின்று வாழ்வது. வீட்டில் போடும் நொய்யிலும் தவிட்டிலும் புரதம் குறைவு. அதை ஈடுகட்டத்தான் நம் ஊரில் பழஞ்சாக்கு, காய்ந்த சாணி, ஓலைச் சருகு எல்லாவற்றையும் பானையில் அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் குஞ்சுகளுக்குத் தட்டிக் கொடுப்பார்கள். கரையான் செய்யும் வேலையைத்தான் தவளைக்குட்டியும் செய்கிறது. அறுவடை முடிந்த வயலில் ஓட்டிவிடும் மேய்ச்சல் வாத்துகள் சிந்திய நெல்லோடு நத்தையையும் தவளைக்குட்டியையும் தின்றுதான் முட்டையிடுகின்றன. அந்த முட்டையை நாம் காலம் காலமாகச் சாப்பிட்டு வருகிறோம்.

தேரையின் கதை வேறு. பருப்பில்லாத தேங்காய்க்கும் மெலிந்துபோன பிள்ளைக்கும் தேரை மேல் பழி போட்டுப் பழகிய ஊர் நம்முடையது. அந்தப் பழிகளில் உண்மையில்லை. ஆனால் தேரையிடம் நஞ்சு இருப்பது உண்மை. கண்ணுக்குப் பின்னால், தோளுக்கு மேல், அவரை விதை கணக்காகப் புடைத்திருக்கும் இரண்டு மேடுகள்தான் அதன் கிடங்கு. அழுத்தினால் பால்போல் வெள்ளையாகக் கசியும். முதுகுப் பருக்களிலும் கொஞ்சம் உண்டு. தேரை இதைப் பாம்புபோல் பாய்ச்சாது. நசுக்குபவர் வாய்க்குள் போனால்தான் வேலை செய்யும்.

அந்தப் பாலில் இருக்கும் முக்கியமான சேர்மங்களுக்கு பஃபோடையனோலைடு என்று பெயர். இதயத் தசையின் செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதப் பம்பு உண்டு. அதை இவை அடைத்துவிடுகின்றன. துடிப்பு தாறுமாறாகும், பிறகு நிற்கும். அரளியின் நஞ்சும் அதே பம்பைத்தான் பிடிக்கிறது. இதய நோய்க்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரையும் அளவாக அதையேதான் செய்கிறது. டிஜாக்சினுக்கு எதிராக உருவாக்கிய முறிமருந்து, கொழும்பில் மஞ்சள் அரளி நஞ்சேறியவர்களிடம் பலன் தந்தது. தேரை நஞ்சுக்கும் அதே மருந்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். செடியும் தேரையும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே பூட்டுக்குச் சாவி செய்து வைத்திருக்கின்றன.

பறவைகளுக்கு இந்த நஞ்சு ஏறாது என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. நம் ஊர்த் தேரை மடகாஸ்கரின் டோமாசினா துறைமுகப் பகுதியில் குடியேறிவிட்டது 2014இல் உலகுக்குத் தெரியவந்தது. அதன் பிறகு அத்தீவின் பாம்பு, பல்லி, பறவை, பாலூட்டி என எழுபதுக்கும் மேற்பட்ட இனங்களில் அந்தப் பம்புப் புரதத்தின் மரபணுவை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய எல்லாமே நஞ்சுக்கு இலக்காகக்கூடியவை என்று 2018இல் முடிவு வந்தது. பறவைகளைப் பெரும்பாலும் காப்பாற்றுவது அவற்றின் கண்ணும் அலகும் பழக்கமும்தான்.

அதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. கரும்பு வண்டை ஒழிப்பதற்காக 1935இல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த பெருந்தேரை, உடும்புகளையும் பாம்புகளையும் நன்னீர் முதலைகளையும் கொன்று குவித்தது. பறவைகள் அந்த அளவுக்கு அடிபடவில்லை. அங்கே சாலையில் நசுங்கிக் கிடக்கும் தேரையின் நாக்கை மட்டும் பருந்துகள் பிடுங்கித் தின்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2005 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆல்டோனா பகுதிக் குளமொன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேரைகள் ஊதிப் பெருத்து வெடித்துச் செத்தன. ஊரே அரண்டுபோனது. பெர்லினைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஃபிராங்க் முட்ஷ்மன் ஆராய்ந்து சொன்ன காரணம் காகம். தோலில் வாய் வைக்காமல், ஒரே கொத்தில் ஈரலை மட்டும் உருவி எடுக்கக் காகங்கள் கற்றிருந்தன. ஈரல் போன தேரை தற்காப்புக்கு உடம்பை ஊத, துளை வழியே எல்லாம் பிதுங்கியது.

காகத்தின் அந்தச் சாமர்த்தியம் கோழிக்கு இல்லை. கசப்பை உணரும் ஏற்பிகள் மனிதனுக்கு 25 வகை என்றால் கோழிக்கு மூன்றே வகை. ஆனால் அந்த மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன. வளர்ந்த கோழி தேரையைக் கொத்தியதும் தலையை உதறும், அலகைத் துடைக்கும், பின்வாங்கும். வளர்ந்த தேரை கோழியின் தொண்டைக்குள் போகும் அளவும் அல்ல. போதாததற்கு நேரமும் ஒத்துவராது: கோழி அடைந்த பிறகு தேரை வெளியே வரும், கோழி இறங்கும்போது தேரை கல்லுக்கடியில் போய்விடும்.

சங்கடம் குட்டித் தேரையில்தான். மழை ஓய்ந்த சில வாரங்களில் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து வாலும் சுருங்கி, சுண்டுவிரல் நகம் அளவில் கறுப்புக் குட்டிகள் பட்டப்பகலில் கூட்டமாகக் கரையேறும். பார்த்தால் பூச்சிபோல இருக்கும், கோழிக்கு அலகு ஓயாத விருந்து. இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆஸ்திரேலியப் பெருந்தேரையில் அளந்து பார்த்தபோது முட்டையில் நஞ்சு மிகுதியாகவும், கரையேறும் பருவத்தில் மிகக் குறைவாகவும் இருந்தது. வாங்கி வந்த நஞ்சு தீர்ந்து, சொந்தச் சுரப்பி இன்னும் திரளாத இடைவேளை அது. இதை வைத்தே அங்கே ஒரு வேலை செய்கிறார்கள்: படையெடுத்து வரும் பெரிய தேரைகளுக்கு முன்னால் குட்டித் தேரைகளை விட்டு, உடும்புகளுக்கு ஒரு முறை குமட்ட வைத்துப் பாடம் புகட்டுகிறார்கள். ஒன்றிரண்டு குட்டியைத் தின்ற கோழியும் பெரும்பாலும் அந்தப் பாடத்தோடு தப்பிவிடும். குளக்கரையில் கூட்டமாகக் கிடைத்து இரைப்பை முட்டத் தின்னும் வாய்ப்புத்தான் அஞ்ச வேண்டியது. குட்டிகள் கரையேறும் அந்தச் சில நாள் கோழிகளைக் குளத்துப் பக்கம் விடாமல் அடைத்து வைப்பது நல்லது.

அப்பாயி பேச்சின் இரண்டாவது பாதியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அவர் வளர்த்தவை எல்லாம் தாய்க்கோழி பொரித்த குஞ்சுகள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நிக்கோலும் ஸ்டூவர்ட் போப்பும் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தனக்கு ஆகாதென்று தாய் கற்றிருந்த இரையைக் குஞ்சுகள் தின்பதாகத் தெரிந்தபோது, தாய்க்கோழி கூப்பிட்டுக் கொத்திக் காட்டும் வேகத்தைக் கூட்டியது. கொக்கொக்கென்று அழைத்து, நல்ல இரையின் பக்கம் குஞ்சுகளை இழுத்தது. இன்று புறக்கடைக்கு வரும் வனராஜாவும் கிராமப்ரியாவும் பொரிப்பானில் பொரித்து, பல்பு வெளிச்சத்தில் நாலு வாரம் வளர்ந்து, அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வருபவை. எது ஆகும், எது ஆகாது என்று சொல்லித்தர அவற்றுக்கு யாரும் இல்லை. என் கண்ணில் பட்டவரை தேரையோடு வம்புக்குப் போவது இவைதான். இரண்டு நாட்டுக்கோழிப் பெட்டைகளை இவற்றோடு சேர்த்துவிட்டால் மேய்ச்சலில் வித்தியாசம் தெரிகிறது.

தேரையை வாயில் போட்டுக் குதறிய கோழி நுரை தள்ளினாலோ, தள்ளாடினாலோ, ஈரத்துணியால் அலகின் உட்புறத்தைத் துடைத்து எடுத்து, நிழலில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நல்லெண்ணெயையோ புளித்தண்ணீரையோ பிடித்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கோழியின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறக்கிறது. ஊற்றுவது நுரையீரலுக்குள் போய், நஞ்சில் பிழைத்த கோழி மருந்தில் செத்துப்போகும்.

பிற நாடுகளில் இதைவிடக் கடுமையானவை உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் பக்கம் நீரோடைகளில் வாழும், வயிறு ஆரஞ்சு நிறமான சொரசொரப்புத் தோல் நியூட் என்னும் இருவாழ்வியின் உடம்பில் இருப்பது பேத்தை மீனின் அதே டெட்ரோடாக்சின். அங்கே கோழி வளர்ப்பவருக்கு 'அதுவே பார்த்துக்கொள்ளும்' என்ற சமாதானம் செல்லாது. நம் தோட்டத்தில் நியூட்டும் இல்லை, அம்பு நஞ்சுத் தவளையும் இல்லை.

இனி புழுக்கள். தவளை பல ஒட்டுண்ணிகளுக்கு வழியிடைச் சத்திரம். எக்கினோஸ்டோமா என்னும் தட்டைப்புழு நத்தையிலிருந்து கிளம்பித் தலைப்பிரட்டையின் சிறுநீரகத்தில் தங்கி, அதைத் தின்னும் வாத்து, கோழியின் குடலில் வளர்கிறது. நிறையச் சேர்ந்தால் கழிச்சலும் மெலிவும் வரும். முட்டைப்பாதையில் குடியேறித் தோல்முட்டை இட வைக்கும் இன்னொரு தட்டைப்புழுவுக்கும் தவளைதான் காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வருவது தட்டானும் அதன் நீர்ப்பருவக் குஞ்சும் வழியாக.

மனிதனைத் தொடும் புழு நேத்தோஸ்டோமா. நாயும் பூனையும் அதன் சொந்த வீடு. தவளையும் மீனும் அதைச் சுமக்கும். தவளையைத் தின்ற கோழியின் தசைக்குள் குட்டிப்புழு வளராமல் சும்மா கிடக்கும். தாய்லாந்திலும் ஜப்பானிலும் அரைவேக்காட்டு இறைச்சி தின்றவர்களின் தோலுக்கடியில் அது ஊர்ந்திருக்கிறது. நன்றாகக் கொதித்த குழம்பில் அது பிழைக்காது. நாட்டுக்கோழியை நாம் வேகவைக்கும் நேரத்தை நினைத்தால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

நான் கவலைப்படுவது சால்மொனெல்லாவுக்கு. தவளை, பல்லி, ஆமை எல்லாம் நோய் காட்டாமலே அந்தக் கிருமியைக் குடலில் சுமக்கின்றன. அமெரிக்காவில் தொட்டியில் வளர்த்த ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைகளால் 2008 முதல் 2011 வரை நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர்; பெரும்பாலும் குழந்தைகள். கோழியும் அதே போல வெளியே நன்றாக இருந்துகொண்டு எச்சத்தில் கிருமியை விடும். முட்டை ஓட்டில் ஒட்டும். சில வகைகள் சூலகத்தின் வழியாக முட்டைக்கு உள்ளேயே போகும். அவித்த முட்டையில் அபாயம் இல்லை. ஆனால் நம் வீடுகளில் வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கிறோம். உடம்பு தேற வேண்டும் என்ற அக்கறையில் செய்வதுதான். வாய்க்காலும் குப்பைமேடும் மேய்ந்த கோழியின் முட்டையைப் பச்சையாக அந்தப் பிள்ளை வாயில் ஊற்றுவதை, எத்தனை பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும், நிறுத்தத்தான் வேண்டும். வேகவைத்த முட்டையில் அதே சத்து இருக்கிறது. இன்னும் நன்றாகவே உடம்பில் சேருகிறது.

உயிருள்ள தவளையைவிடச் செத்த தவளை பல மடங்கு பொல்லாதது. கோடையில் குட்டை வற்றும்போது மீனும் தவளையும் சேற்றில் செத்து நாறும். காற்றில்லாத அந்த அழுகலில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா தன் நஞ்சைச் சுரக்கிறது. அழுகலில் நெளியும் புழுக்கள் அந்த நஞ்சைத் தங்கள் உடம்பில் சேர்த்துவைக்கும். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புழுக்களைக் கோழி ஆசையாகக் கொத்தித் தின்னும். முதலில் கால் தளரும், பிறகு இறக்கை தொங்கும், கடைசியில் கழுத்து துவண்டு தரையில் கிடக்கும். இதை வெள்ளைக்கழிச்சல் என்று எண்ணிக் கைவிடுகிறவர்கள் அதிகம். கழிச்சலில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இதில் துவண்டு விழும். இந்த வேறுபாடு தெரிந்தால், மீதிக் கோழிகளை அன்றைக்கே அந்தக் குட்டையிலிருந்து விலக்கி அடைத்துக் காப்பாற்றிவிடலாம். பங்குனி, சித்திரையில் செத்துக் கிடக்கும் தவளையை எடுத்து ஒரு முழ ஆழத்தில் புதைப்பது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது பூச்சிமருந்து. தவளையின் தோல் நீரையும் காற்றையும் உள்ளே விடும் தோல். வயல் நீரில் கலந்தது எதுவாயினும் அதன் உடம்புக்குள் போகும். மருந்தடித்த வயலில் தவளை தள்ளாடி வரப்பேறும், ஓட முடியாது, கோழிக்குச் சுலபமாக அகப்படும். நல்ல தவளையைப் பிடிக்க முடியாத கோழிக்குக் கெட்ட தவளைதான் முதலில் கிடைக்கிறது. கார்போஃபியூரான் குருணை ஒன்றே சிறு பறவையைக் கொல்லப் போதும் என்பது பல நாடுகளில் கண்டது; அதனால் செத்ததைத் தின்ற கழுகுகளும் செத்திருக்கின்றன. ஃபோரேட் மருந்துக்கு இந்தியாவில் 2020 முடிவோடு தடை வந்ததும் அதன் கடும் நச்சுத்தன்மையால்தான். கோழி எதைத் தின்றது என்பதைவிட, தின்றது எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று கேட்பதே என் வழக்கமாகிவிட்டது.

தவளையின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். உலகின் இருவாழ்விகளில் ஐந்தில் இரண்டு பங்கு இனங்கள் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2023இல் வந்த உலக மதிப்பீடு சொல்கிறது. தவளைக்கால் ஏற்றுமதிக்காக வயல்களைக் காலி செய்துவிட்டு, பூச்சி பெருகிய பின் 1987இல் அந்த ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. கோழி தானாகப் பிடிப்பதில் இந்தக் கணக்கு மாறாது. புரதத்துக்காகப் பிள்ளைகளை விட்டுத் தவளை பிடித்து வரச்சொல்லிக் கோழிக்குப் போடுவது வேறு. அதை நான் ஒப்பமாட்டேன். கரையான் பானை வைக்கலாம், அசோலா வளர்க்கலாம். ஒரு தேரை ராத்திரி முழுதும் வண்டையும் எறும்பையும் தின்பது கோழிக்கொட்டகைக்கே நல்லது. கொட்டகை ஓரத்தில் தண்ணீர் தேங்க விட்டால் மட்டும் தவளை சேரும், தவளையைத் தேடிச் சாரையும் நல்ல பாம்பும் வரும், வந்த பாம்பு குஞ்சையும் முட்டையையும் பார்த்துவிட்டுத்தான் போகும்.

அக்காவிடம் நான் கேட்டது ஒன்றுதான். "எந்த வாய்க்கா ஓரம்?" மேலத்தெரு வயலின் வடிகால் என்றார். அந்த வயலில் மழைக்கு முந்தின நாள் குருணை போட்டதை இருவருமே பார்த்திருந்தோம். முட்டையின் மஞ்சள்கரு திரள ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் தின்றது அதில் சேரக்கூடும். "பத்து நாள் முட்டையை ஒதுக்கிடுங்க அக்கா. கோழி வாயில் எச்சில் ஒழுகுதா, நடுங்குதான்னு பாருங்க. வடிகால் பக்கம் விடாதீங்க" என்றேன். கையிலிருந்த இரண்டையும் ஒரு கணம் பார்த்தார். பிறகு எங்கள் வாழைக்கடியில் குழி பறித்து அவரே புதைத்தார்.